தூக்கத் திணறும் மாங்காய் கிரேட்டை மெதுவாக இறக்க மட்டும் எப்படி முடிகிறது?

கிருஷ்ணகிரி மண்டியில் லாரிக்கு ஏற்றத் திணறும் ஆளே அதே கிரேட்டை நிதானமாக இறக்குவதைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

தூக்கும்போது தசை சுருங்குகிறது; அதன் விசை அது சுருங்கும் வேகத்தைப் பொறுத்தது. 1938-ல் உடலியல் ஆய்வாளர் ஏ. வி. ஹில் தவளைத் தசையில் அளந்து எழுதிய சமன்பாடு:

(வி + அ)(வே + ஆ) = (வி₀ + அ)ஆ

வி விசை, வே சுருங்கும் வேகம், வி₀ நீளம் மாறாமல் தாங்கும் உச்ச விசை. அ, ஆ அந்தத் தசைக்கான மாறிலிகள். அ என்பது வி₀-வில் கால் பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உச்ச வேகத்தில் பாதியை எட்டும்போதே விசை ஆறில் ஒரு பங்காகிவிடும்!

சரி, இறக்கும்போது? தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது. தசைக்குள் ஆக்டின் என்ற புரத இழையைப் பிடித்திருக்கும் மயோசின் புரதப் பாலங்கள் விடுபடும் முன் விறைத்து இழுபடுவதால் விசை வி₀-வையும் தாண்டுகிறது. இந்தப் பகுதி ஹில் சமன்பாட்டில் அடங்காது. தசைக்குக் கணித மாதிரி அமைப்பவர்கள் இதற்குத் தனி வளைவரை சேர்க்கிறார்கள்.