மகளின் கல்லூரி: இரண்டு நிதியுதவிக் கடிதங்களையும் எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டது இது: சென்ற ஜூலையில் (2025) கிரீன் கார்டில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தீர்கள். மகளுக்கு இந்த ஆகஸ்டில் கல்லூரி. தனியார் கல்லூரியில் ஆண்டுச் செலவு 88,000 டாலர். 'எல்லா உதவியும் போக 29,500 கட்டினால் போதும்' என்று கடிதம் வந்திருக்கிறது. உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செலவு 38,000, உதவி 4,000, ஆக 34,000 கட்ட வேண்டும். அப்படியானால் தனியார் கல்லூரிதானே மலிவு?

இல்லைங்க. அந்த 29,500 எப்படி வந்தது என்று வரி வரியாகப் பாருங்கள். மெரிட் ஸ்காலர்ஷிப் 26,000, பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் உதவித்தொகை) 4,000. இந்த 30,000தான் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அடுத்த வரியில் இருக்கும் 5,500 மகள் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடன். அதில் 3,500க்குப் படிப்பு முடியும்வரை வட்டி ஏறாது, மீதி 2,000க்கு முதல் நாளிலிருந்தே ஏறும். அதற்கு அடுத்தது வொர்க் ஸ்டடி 3,000. இது மகள் வளாகத்தில் மணிக்கணக்கில் வேலை பார்த்தால் சம்பளமாகக் கையில் வரும் பணம். ஆகஸ்டு பில்லில் ஒரு டாலர்கூடக் கழியாது. கடைசி வரி பேரன்ட் பிளஸ் 20,000. அது பெற்றோராக நீங்கள் மத்திய அரசிடம் வாங்கும் கடன். கடனையும் சம்பளத்தையும் உதவியோடு ஒரே பட்டியலில் போட்டுக் கழித்ததால்தான் 29,500 வந்திருக்கிறது. உண்மையில் உங்கள் குடும்பம் சுமக்கப் போவது ஆண்டுக்கு 58,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் 34,000.

அந்தப் பேரன்ட் பிளஸ் கணக்கு நான்கு ஆண்டுக்குத் தாங்கவும் தாங்காது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. முதல் மூன்று ஆண்டில் 60,000 எடுத்தால் நான்காம் ஆண்டுக்கு மிச்சம் 5,000தான். அந்த ஆண்டு தனியார் வங்கிக் கடனுக்குப் போனால் கிரெடிட் வரலாறு உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வந்தவர்கள் அதற்கு அண்ணன், மைத்துனர் என்று சொந்தக்காரர்களிடம்தான் போய் நிற்பார்கள். தவணை தவறினால் வங்கி கையெழுத்துப் போட்டவரையே பிடிக்கும். தயவுசெய்து அந்த நிலைக்குப் போகாதீர்கள்.

இனி நான்கு ஆண்டுக் கணக்கு. கட்டணம் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், உதவி போகத் தனியார் கல்லூரிக்கு மொத்தம் சுமார் 2,53,700 டாலர், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு சுமார் 1,45,400. வித்தியாசம் ஒரு லட்சத்து எட்டாயிரம் டாலர். மெரிட் ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ (4க்கு எவ்வளவு என்று போடும் சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 3.0 என்றால் சமாளிக்கலாம். 3.5 என்றால், பொறியியல் முதலாண்டில் கணக்கும் இயற்பியலும் சேர்ந்து பல நல்ல மாணவர்களையே கீழே இழுத்துவிடும்.

பெல் கிராண்ட் விஷயத்தில் உங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் படிவம், இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கும். 2026-27க்கு 2024 வருமானம், அதாவது நீங்கள் ஊரில் ரூபாயில் சம்பாதித்தது. டாலராக மாற்றும்போது அது சிறிய தொகையாகத் தெரியும். மகள் மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது 2026ன் அமெரிக்கச் சம்பளம் கணக்கில் வரும். அந்த 4,000 குறையலாம், முழுதாக நின்றும் போகலாம். இரண்டு கல்லூரியிலும் அது இல்லாமல் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊர்ச் சொத்தை எழுத வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டும். இப்போது குடியிருக்கும் சொந்த வீட்டை ஃபாஃப்சா கணக்கில் எடுக்காது. ஊரில் வாடகைக்கு விட்ட வீடு, வாங்கிப் போட்ட மனை, வங்கி டெபாசிட் எல்லாம் சொத்துதான். பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம்வரைதான் கணக்கில் சேரும், பிள்ளை பெயரில் இருந்தால் 20 சதவீதம். மகள் பெயரில் டெபாசிட் போட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய அடி. மறைத்து எழுதினால் பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்ட நேரிடும்.

மாநிலப் பல்கலைக்கழகத்தின் 38,000 உள்ளூர்க்காரர் கட்டணம். பெரும்பாலான மாநிலங்களில் வகுப்பு தொடங்குவதற்கு முன் 12 மாதம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஜூலையில் வந்த உங்களுக்கு நூலிழையில் தேறும், ஆனால் ஆதாரம் காட்டினால்தான். வீட்டு வாடகை ஒப்பந்தம், முதல் மின்கட்டண பில், ஓட்டுநர் உரிமம், மாநில வரிப் படிவம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்து வையுங்கள். பில்லில் வெளிமாநிலக் கட்டணம் போட்டு வந்தால் பதறாமல் குடியிருப்பு மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள், அதற்கும் கடைசித் தேதி உண்டு. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: ஓட்டுநர் உரிமப் படிவத்தில் வாக்காளராகப் பதிய ஒரு கட்டம் இருக்கும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் அதை டிக் செய்யவே கூடாது. பின்னால் குடியுரிமைக்கே கேடு.

தனியார் கல்லூரியில்தான் மகளின் மனம் இருக்கிறது என்றால், நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் மேல்முறையீடு எழுதுங்கள். பேரம் பேசுகிற தொனி வேண்டாம். '2024 வருமானம் இந்தியாவில், குடிபெயர்ந்த செலவு இவ்வளவு, இப்போதைய மாதச் சம்பளம் இவ்வளவு, எங்களால் ஆண்டுக்கு இவ்வளவுதான் கட்ட முடியும்' என்று எண்களோடு, சம்பளச் சீட்டு இணைத்து அனுப்புங்கள். கேட்பது கடனாக இல்லாமல் கிராண்டாக வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். மெரிட் உதவியைக் கூட்டிக் கேட்பதானால் அதே தரத்திலுள்ள வேறொரு கல்லூரியின் கடிதம் கையில் இருந்தால் எடுபடும், மாநிலப் பல்கலைக்கழகக் கடிதம் பெரும்பாலும் எடுபடாது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும், பதில் வர இரண்டு வாரமாவது ஆகும்.

அடுத்து மகன் இருக்கிறான் என்றீர்கள். அவனுக்கு விலைப்பட்டியலைப் பார்த்துப் பெரிய தனியார் கல்லூரிகளை இப்போதே ஒதுக்கிவிடாதீர்கள். ஹார்வர்டில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குள் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை, வழக்கமான அளவில் சொத்து இருந்தால். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தோராயமாகக் காட்டும் கருவி) இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே அதில் போட்டுப் பார்த்துவிடலாம்.

எங்கே சேர்ந்தாலும் இந்த மூன்றைக் கவனியுங்கள். செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாடங்களுக்கான அளவுப் புள்ளி) எடுத்தால் முழுநேர மாணவர்தான், ஆனால் பட்டத்துக்கு வழக்கமாக 120 வேண்டும். 15 எடுக்காவிட்டால் ஐந்தாம் ஆண்டு வரும், அதற்கு ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் வராது. வருமானம் வரம்புக்குள் இருந்தால் வரித் தாக்கலில் 8863 படிவம் போட்டு ஆண்டுக்கு 2,500 டாலர்வரை கல்வி வரிச் சலுகை வாங்கலாம், நான்கு ஆண்டுக்கு. கடைசியாக, பல கல்லூரிகளில் ஜூலை பில்லில் மாணவர் மருத்துவக் காப்பீடு என்று சில ஆயிரம் டாலர் தானாகவே ஏறியிருக்கும். உங்கள் அலுவலகக் காப்பீட்டில் மகள் இருந்தால், அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து விலக்குப் படிவத்தோடு தேதிக்குள் ஏற்றிவிடுங்கள். தேதி தாண்டினால் அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டியிருக்கும்.