நம் தரவை வைத்து ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கிறார்களா என்று ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேளுங்கள், ஃபோனில் கேட்காதீர்கள். பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன், புது மென்பொருள் வாங்கும் முன் ஒப்பந்தத்தைப் படிப்பது என் வேலை.

2024 மே மாதம், அலுவலக அரட்டை மென்பொருளான ஸ்லாக்கின் விவகாரம் பெரிதாக வெடித்தது. வாடிக்கையாளர் தரவை மெஷின் லேர்னிங் மாடல்களுக்குப் பயன்படுத்துவதாக அவர்களுடைய தனியுரிமைப் பக்கத்திலேயே இருந்தது, வேண்டாம் என்றால் ஸ்லாக்கைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் சார்பில் நிர்வாகி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த வழியும் இல்லை. இமோஜி, சேனல் பரிந்துரை மாதிரி விஷயங்களுக்குத்தான், எழுதித்தரும் ஏஐ-க்கு அல்ல என்று பிறகு விளக்கினார்கள். நியாயமான விளக்கம்தான், ஆனால் ஊரே கேட்ட பிறகுதான் தெளிவாக வந்தது. 2023-இல் ஜூமும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஏஐ பயிற்சி பற்றிய விதிமுறையை மாற்றியது. 2024 செப்டம்பரில் லிங்க்ட்இன் ஏஐ பயிற்சிக்குத் தரவு தரும் செட்டிங்கைத் தானாகவே ஆன் செய்து வைத்திருந்தது, சட்டம் கடுமையாக இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம், ஸ்விட்சர்லாந்து போன்ற இடங்களில் அப்போது அதைச் செய்யவில்லை.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், எங்கள் சப்போர்ட் டிக்கெட்டுகளில், அதாவது வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பும் பதிவுகளில், ரீஃபண்ட் கேட்டு ஆதார் நகலை இணைத்து அனுப்புகிறவர்கள் உண்டு, வீட்டு விலாசம், மருத்துவச் செலவு, எல்லாம் எழுதுவார்கள். அவர்கள் நம்பியது எங்களை. நாங்கள் எந்த மென்பொருளில் அதை வைத்திருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது, அதன் செட்டிங்கை அவர்கள் எப்படி அணைப்பார்கள்? அதனால்தான் இது முதலிலேயே ஆஃப் ஆக இருக்க வேண்டும், வேண்டுமென்றால் எங்களிடம் கேட்டு ஆன் செய்யட்டும்.

ஒரு நிறுவனத்திடம் இதைக் கேட்டபோது, "எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கு சார்" என்று, அதாவது தரவைப் பூட்டிய வடிவில்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லி, சாக் 2 என்ற பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையை அனுப்பினார்கள். இரண்டும் நல்ல விஷயம்தான், ஆனால் கேட்டது அது இல்லை. வெளியாள் திருடாமல் இருக்கப் பூட்டு போட்டிருக்கிறார்கள், உள்ளே இருக்கிறவர் எடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. அதனால் நேராகக் கேளுங்கள்: டிக்கெட்டில் இருக்கும் எழுத்தையே எடுக்கிறீர்களா, இல்லை எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்ற பதிவை மட்டுமா? எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான மாடலா, எங்களுக்கு மட்டுமா? வேறொரு நிறுவனத்தின் மாடலுக்கு அனுப்பினால் அவர்கள் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அப்புறம், இன்று வேண்டாம் என்றால் ஏற்கெனவே பயிற்சிக்குப் போனது என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்புவார்கள், ஏனென்றால் மாடலுக்குள் கலந்ததை மட்டும் தனியே பிரித்தெடுப்பது ரொம்பக் கடினம்.

நம் ஊர்ச் சட்டம், 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும்போது எந்தத் தரவு, எதற்காக என்று சொல்லச் சொல்கிறது, அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தரச் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை ஒப்பந்தம்தான் கை கொடுக்கும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எங்கள் தரவைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், ஒப்பந்தம் புதுப்பிக்க வரும் மாதத்தில் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.