மறுமொழி: தசைச்சிதைவு நோய் மகனுக்கு உதவித்தொகை

வணக்கம் சகோதரி. 16 வயது மகனுக்குத் தசைச்சிதைவு. தையல் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள். தாலுகா அலுவலகத்தில் 'வயது போதாது' என்று அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அவர்கள் சொன்னது வருவாய்த் துறை ஓய்வூதியம். உங்களுக்கு வேண்டியது வேறு: மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை. தசைச்சிதைவு அதில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

முதலில் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, வேண்டும். வைத்திருக்கும் மருத்துவச் சான்று தற்காலிகமானதா என்று பாருங்கள். முடிவுத் தேதி இருந்தால் அதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். இது கூடிக்கொண்டே போகும் நோய், சான்றில் உள்ள பழைய ஊனச் சதவீதத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். மறுமதிப்பீடு கேளுங்கள்.

அப்புறம் உங்களுக்கானது. எழவும் சாப்பிடவும் ஆள் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, உயர் ஆதரவு தேவை என்ற பிரிவில், உதவியாளருக்காக மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. நீங்கள் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் அதே மனுவோடு கேட்டுவிடுங்கள். விட்டுப்போன தையல் வருமானத்துக்கு இது ஈடாகாது, தெரியும். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.