ரிமோட் விமானத்தைத் தானாகப் பறக்க வைப்பது: கேள்வி பதில்

ரிமோட்டில் ஓடும் விமானத்தில் ஆர்டுபைலட் (விமானத்தைத் தானாக ஓட்டும் மென்பொருள்) ஏற்றித் தானியங்கி ட்ரோனாக்க முனைபவர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். 1.4 மீட்டர் றெக்கை நீளமுள்ள ஃபோம் ட்ரெயினர் ஒன்று இருக்கிறது, 3 செல் 2200 எம்ஏஎச் பேட்டரி. இதையே மாற்றலாமா, வேறு வாங்க வேண்டுமா?

பதில்: இதுவே போதும். றெக்கை மேலே இருக்கும் ட்ரெயினர் தானாகவே நிமிர்ந்துகொள்ளும், உள்ளே இடமும் இருக்கும். வாங்க வேண்டியவை: விமானத்துக்கான ஆர்டுபைலட் ஓடும் ஃப்ளைட் கன்ட்ரோலர் (சிறு கணினிப் போர்டு), காம்பஸ் சேர்ந்த ஜிபிஎஸ், பவர் மாட்யூல், டெலிமெட்ரி ரேடியோ (விமானத்தின் தகவலைத் தரையில் உள்ள கணினிக்கு அனுப்புவது) ஒரு ஜோடி. பறக்கும் மோடை மாற்ற ரிமோட்டில் ஒரு சேனல் கூடுதலாக வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. இவை எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 கிராம் வரும். அதே எடையை உள்ளே டேப் போட்டு ஒட்டி, கையால் ஓட்டிப் பாருங்கள். பாதி த்ராட்டிலில் ஸ்டிக்கை விட்டுவிட்டால் நேராகப் போக வேண்டும். முக்கால் த்ராட்டில் கொடுத்தால்தான் உயரம் இறங்காமல் நிற்கிறது என்றால் எடை கூடிவிட்டது. பேட்டரியை நகர்த்தி எடை மையத்தைத் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். சற்று முன்னால் இருந்தால் பரவாயில்லை, பின்னால் மட்டும் வேண்டாம். கையில் சரியாகப் பறக்காத விமானத்தைக் கன்ட்ரோலர் திருத்தாது. குறையை மூடி மறைத்துக்கொண்டே போய், ஸ்டால் ஆகும்போதுதான் (வேகம் குறைந்து றெக்கை தாங்கும் சக்தியை இழக்கும்போதுதான்) காட்டும்.

கேள்வி: போர்டில் விளக்கு எரிகிறது, மிஷன் பிளானரிலும் (கணினியில் ஓடும் அமைப்பு மென்பொருள்) இணைகிறது. ஆனால் ஒரு சர்வோவும் (றெக்கை, வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) அசையவில்லை.

பதில்: பிக்ஸ்ஹாக் வகைப் போர்டுகளில் பவர் மாட்யூல் போர்டுக்கு மட்டும்தான் மின்சாரம் தரும். சர்வோ பின் வரிசைக்குத் தனியாக 5 வோல்ட் வர வேண்டும். ஈஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிஈசி (பேட்டரி மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்று) இருந்தால் அதன் சிவப்பு ஒயர் வழியாக வந்துவிடும். ஆப்டோ வகை (உள்ளே பிஈசி இல்லாத) ஈஎஸ்சி என்றால் வராது, தனி பிஈசி போடுங்கள். நான்கு சிறு சர்வோவுக்கு 3 ஆம்பியர் போதும். இரண்டு பிஈசியை ஒரே வரிசையில் சேர்க்காதீர்கள். ஒன்றின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரில் 5 வோல்ட் காட்டியும் அசையவில்லையா? சேஃப்டி ஸ்விட்சை அழுத்தினீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, மேனுவலில் எல்லா ஸ்டிக்கும் சரியாக வேலை செய்தது. ஃப்ளை-பை-வயர் மோடில் (கன்ட்ரோலரே சமநிலை பார்க்கும் மோடு) எறிந்தேன், ஒரு நொடியில் குப்புறப் புரண்டு விழுந்துவிட்டது. போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கும் தம்பி. திசை தலைகீழாக இருக்கிறது. ரிமோட்டில் ஒரு ரிவர்ஸ், கன்ட்ரோலரில் ஒரு ரிவர்ஸ் என்று இரண்டு தவறு இருந்தால், மேனுவலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாகத் தெரியும். கன்ட்ரோலர் தானாகத் திருத்தும்போது ரிமோட் இடையில் இல்லை. ஒரு தவறு மட்டும் மிஞ்சும். சாய்வைச் சரிசெய்வதற்குப் பதில் இன்னும் சாய்த்துவிடும்.

பிராப்பெல்லரைக் கழற்றிவிட்டு இந்த வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம்.

முதலில் ஃப்ளை-பை-வயர் ஏ மோடு. விமானத்தின் பின்னால் நின்று கையில் பிடித்து, வலது றெக்கையைக் கீழே சாயுங்கள். வலது ஏலரான் (றெக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) கீழிறங்க வேண்டும், இடது மேலேற வேண்டும்: சாய்ந்த றெக்கையைத் தூக்கப் பார்க்கிறது. மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டரின் (வாலில் அசையும் பலகை) பின் விளிம்பு மேலே வர வேண்டும். தப்பாக இருந்தால் கன்ட்ரோலரில் அந்த சர்வோவின் ரிவர்ஸை மாற்றுங்கள்.

அது முடிந்த பிறகுதான் மேனுவல். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே. உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. இப்போது தப்பாக இருந்தால் சர்வோவைத் தொடாதீர்கள், ரிமோட்டிலிருந்து வரும் அந்தச் சேனலை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள்.

வால் இல்லாத பறக்கும் றெக்கை, வி வால் விமானம் வைத்திருப்பவர்களுக்கு: ரிமோட்டில் இருக்கும் மிக்ஸிங் (ஒரு ஸ்டிக் அசைவை இரண்டு சர்வோவுக்கும் பகிர்வது) முழுவதையும் எடுத்துவிடுங்கள். மிக்ஸிங் கன்ட்ரோலரில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் பிடிபடாது.

கேள்வி: காம்பஸ் பிழை என்று சொல்லி ஆர்ம் ஆக (மோட்டார் ஓடத் தயாராக) மறுக்கிறது. அந்தச் சோதனையையே அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்காதீர்கள். பேட்டரி ஒயரில் ஓடும் மின்சாரமே காந்தப்புலம் உண்டாக்கும். ஜிபிஎஸ் மாட்யூலைப் பேட்டரி, ஈஎஸ்சி ஒயர்களிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், அம்புக்குறி மூக்கைப் பார்க்கட்டும். பிளஸ், மைனஸ் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். கார், இரும்புக் கம்பி பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் காலிப்ரேஷன் செய்யுங்கள். காங்கிரீட் மொட்டை மாடியிலும் உள்ளே கம்பிதான். அப்படியும் தீரவில்லை என்றால் காம்பஸையே முடக்கிவிடலாம். முன்னோக்கியே போகும் விமானம் என்பதால் ஜிபிஎஸ் திசையை வைத்தே பறக்கும். மல்டிகாப்டரில் இப்படிச் செய்யக் கூடாது.

கேள்வி: ரிமோட் சிக்னல் போனால் தானாகத் திரும்பி வந்து இறங்கிவிடும்தானே?

பதில்: இந்த வாக்கியத்தில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன, மூன்றும் தானாக நடக்காது. ஒன்று, ரிசீவர் சிக்னல் போனதைச் சொல்ல வேண்டும். பல ரிசீவர்கள் கடைசி ஸ்டிக் நிலையையே அனுப்பிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. சிக்னலை நிறுத்தும்படியோ, த்ராட்டில் சிக்னலை 950 மைக்ரோநொடிக்குக் கீழே இறக்கும்படியோ ரிசீவரை அமையுங்கள். இரண்டு, ஆட்டோ மோடில் (முன்பே பதிந்த பாதையில், அதாவது மிஷனில், தானாகப் பறக்கும் மோடு) இருந்தால் ஆர்டுபைலட் வழக்கமாக மிஷனைத் தொடரும். திரும்ப வேண்டுமென்றால் நீண்ட ஃபெயில்சேஃபுக்கு (சிக்னல் வெகுநேரம் வராதபோது செய்ய வேண்டியது) ஆர்டிஎல் (கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் மோடு) என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். மூன்று, ஆர்டிஎல் வழக்கமாக 100 மீட்டர் உயரத்தில் வீட்டுப் புள்ளியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், இறங்காது. பிராப்பெல்லர் இல்லாமல் ரிமோட்டை அணைத்து, திரையில் மோடு மாறுவதைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: காற்றுவேக சென்சார் அவசியமா?

பதில்: முதல் பறப்புகளுக்கு வேண்டாம். பிறகு போடும்போது பிட்டோ குழாயை (சென்சாருக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) பிராப்பெல்லர் காற்று படாத இடத்தில், றெக்கையின் முன் விளிம்பைத் தாண்டி நீட்டி வையுங்கள். பேட்டரி போடும்போது குழாய் முனையைக் காற்று நேராக அடிக்காதபடி தளர்வாக மூடுங்கள், பூஜ்யம் அப்போதுதான் சரியாக அமையும். எடுக்க மறக்காதீர்கள்! சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தபட்ச வேகத்தை ஸ்டால் வேகத்துக்கு 20 சதவீதமாவது மேலே வையுங்கள்.

கேள்வி: 10 ஆம்பியரில் பறக்கிறது. 3 கிலோமீட்டர் போய்த் திரும்ப 2200 எம்ஏஎச் தாங்குமா?

பதில்: காற்றைப் பொறுத்தது. 80 சதவீதம்தான் உங்களுடையது, அதாவது 1760 எம்ஏஎச். 10 ஆம்பியரில் சுமார் 630 நொடி. பயண வேகம் நொடிக்கு 12 மீட்டர், காற்று 8 மீட்டர் என்று வையுங்கள். காற்றோடு போகும்போது தரைவேகம் 20, எனவே 3 கிலோமீட்டரை 150 நொடியில் கடந்துவிடும். திரும்பும்போது தரைவேகம் வெறும் 4, அதே தூரத்துக்கு 750 நொடி. கையில் இருப்பதோ 480. வீட்டுக்கு 1 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே கணக்கு முடிந்துவிடும். அதனால் முதல் வேபாயின்ட் (பாதையில் குறிக்கும் புள்ளி) எப்போதும் காற்றுக்கு எதிரே. கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்ளேயே தொடங்குங்கள். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

கேள்வி: மிஷனில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது.

பதில்: ஆட்டோடியூன் (கன்ட்ரோலர் தன் அமைப்புகளைத் தானே கற்றுக்கொள்ளும் மோடு) செய்தீர்களா? ஸ்டிக்கை இடது கோடி, வலது கோடி என்று வேகமாக 20 முறை. பிறகு மேல்கீழ் அதேபோல். மெதுவாக ஆட்டினால் அது ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அதன் பிறகும் நெளிந்தால் நேவ்-எல்1 பீரியடை (எவ்வளவு கூர்மையாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு) ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள். திருப்பத்தில் மந்தமாக இருந்தால் குறையுங்கள்.

கேள்வி: தானாகத் தரையிறக்கம்?

பதில்: கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே 8 மீட்டர் பிசகும். மூக்கைத் தூக்க வேண்டியதோ 3 மீட்டர் உயரத்தில். கீழ்நோக்கிய லைடார் (லேசரால் உயரம் அளக்கும் சென்சார்) போட்ட பிறகு முயன்று பாருங்கள். அதுவரை ஆர்டிஎல்லில் மேலே சுற்ற விட்டு, ஃப்ளை-பை-வயரில் நீங்களே இறக்குங்கள்.