மேற்குப் பார்த்த பால்கனியில் இப்போது தக்காளி வைக்கலாமா?

வணக்கம். சென்னையில் மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த 10-க்கு 4 அடி பால்கனி, இந்தச் சித்திரையிலேயே தக்காளி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வேண்டாம். செடி வளரும், பூவும் எடுக்கும். ஆனால் பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் இறங்காவிட்டால் பூ காம்போடு உதிர்ந்துவிடும். உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. புரட்டாசியில் நாற்று விடுங்கள், தை வாக்கில் காய் பறிக்கலாம்.

அதுவரை பால்கனி சும்மா கிடக்க வேண்டியதில்லை. கம்பி ஓரமாக இரண்டு பெரிய பைகளில் கொடிப்பசலை வையுங்கள். அதன் தடித்த இலை சாயங்கால வெயிலைத் தாங்கும், கம்பியைப் பிடித்து ஏறிப் பச்சைத் திரையாக நிற்கும். அந்த நிழலில் புதினாவும் கற்பூரவல்லியும் நன்றாக வரும். அகலத் தொட்டியில் தண்டுக்கீரை தூவினால் ஒரு மாதத்துக்குள் பொரியலுக்கு ஆகிவிடும். கறுப்புத் தொட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள், மேற்கு வெயிலில் தொட்டியின் சுவர் சுட்டு வேர் வெந்துவிடும்.

தொட்டிகளையும் பைகளையும் நிரப்பச் செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு போதும். நார்க் கட்டியை ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை இரண்டு முறையாவது பிழிந்து கொட்டுங்கள், அதில் உப்பு இருக்கும்.

அப்புறம், கீழ்வீட்டுத் துணியில் தண்ணீர் சொட்டாமலிருக்கத் தட்டு வைப்பீர்கள் அல்லவா? அதில் தேங்குவதை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.