வாசகர் கேள்வி – பதில்: தன் எடையால் நிற்கும் அணை

கேள்வி: என் பாட்டி பழைய மஸ்கெலியாவில் பிறந்தவர். வரட்சிக் காலத்தில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, மூழ்கிப்போன கோவில் வெளியே தெரிவதைக் காண அவருடன் போவோம். கடைசியாகப் போனபோது நீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பரந்து கிடக்கும் இத்தனை நீரையும் ஒரு சுவர் எப்படித் தாங்குகிறது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இத்தனை நீரையும் அந்தச் சுவர் தாங்குவதில்லை என்பதே இதற்கு விடை. கிணற்றில் பத்து மீற்றர் ஆழத்துக்கு மூழ்குபவரின் காதில் எவ்வளவு அழுத்தம் உண்டோ, கடலில் அதே ஆழத்துக்கு மூழ்குபவரின் காதிலும் ஏறத்தாழ அவ்வளவுதான்; கடல் பரந்தது என்பதற்காக அது கூடுவதில்லை. அணைக்கும் இதுவே விதி. நீர்த்தேக்கம் மலைகளுக்கிடையே எவ்வளவு தூரம் நீண்டு கிடந்தாலும், அணையைத் தள்ளும் விசையைத் தீர்மானிப்பது அணையின் முகத்தருகே உள்ள நீரின் ஆழம் மட்டுமே. ஆனால் அந்த ஆழம் இரண்டு மடங்கானால், தள்ளுவிசை நான்கு மடங்காகும்.

கணக்கிட்டே பார்க்கலாம். நீரின் ஆழம் 40 மீற்றர் என்று கொண்டால், அணையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் நீர் ஏறத்தாழ 800 தொன் விசையுடன் தள்ளுகிறது. அதை எதிர்ப்பது அணையின் எடை. ஒரு கன மீற்றர் கொங்கிரீட் ஏறத்தாழ 2.4 தொன் இருக்கும். உச்சியில் ஒடுங்கி அடியில் 32 மீற்றர் அகன்ற முக்கோணமாக அணையைக் கட்டினால், அதே ஒரு மீற்றர் நீளத்தின் எடை 1,500 தொன்னைச் சற்றுத் தாண்டும். நீர் அணையைக் கவிழ்க்கவும் வழுக்கச் செய்யவும் முயல்கிறது. எடையும், அடிப்பாறையோடு உள்ள பிடிப்பும் அதைத் தடுக்கின்றன. மவுசாகலை அணையும், அடுத்த பள்ளத்தாக்கில் கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் காசல்ரீ அணையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை எடைசார் அணைகள் என்பார்கள். உங்கள் பாட்டியின் ஊரை மூடியிருக்கும் நீரின் பரப்பைக் கண்டு கலங்க வேண்டாம். அணையோரத்து ஆழத்துக்கு ஏற்ற எடை அந்தச் சுவரில் உள்ளதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: பாடசாலைச் சுற்றுலாவில் மலையகத்து அணை ஒன்றைப் பார்த்தோம். கீழ்ப்புறத்தில் சிறு குழாய்களிலிருந்து ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். அணை பழுதடைந்துவிட்டதா?
– ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அந்த நீர் வடியவேண்டும் என்பதற்காகவே குழாய்கள் வைக்கப்பட்டுள்ளன. வடியாமல் நின்றால்தான் பொறியியலாளர்கள் கவலைப்படுவார்கள்.

எடைசார் அணையின் உண்மையான பகை முன்னால் தெரியும் நீர் அல்ல, அடியில் நுழையும் நீர். எந்தப் பாறையிலும் வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே புகும் நீர் அணையை அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்குகிறது. மேலே சொன்ன கணக்கில், தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் இந்தத் தூக்குவிசை ஏறத்தாழ 640 தொன் வரை வரலாம். அதாவது நாம் நம்பியிருக்கும் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இல்லாமற் போகிறது. இதனால்தான் அணையின் நீர்ப்பக்க ஓரத்தின் அடியில் துளையிட்டுச் சீமெந்துக் குழம்பை அழுத்தி ஏற்றி வெடிப்புகளை அடைக்கிறார்கள். அதற்குப் பின்னால் வடிதுளைகள் இட்டு, அதையும் மீறி நுழையும் நீரை அழுத்தம் சேர்வதற்குள் வெளியேற்றுகிறார்கள். பெரிய அணைகளின் உள்ளே ஆள் நடந்துபோகும் வழி ஒன்று இருக்கும். அங்கே வடியும் நீரை அளந்து பதிவது அன்றாட வேலை.

இந்த அறிவு உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது. பிரான்சின் பூஸே அணை 1895இல் உடைந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, தூக்குவிசையைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் பொறியியலாளர்களிடையே வேரூன்றியது. கலிபோர்னியாவின் சென் பிரான்சிஸ் அணையில் நடுப்பகுதியில் மட்டுமே வடிதுளைகள் இருந்தன. இரு பக்கங்களிலும் இல்லை, பக்கத்துப் பாறையும் பலவீனமானது. 1928 மார்ச் 12ஆம் திகதி காலை, கலங்கிய நீர் கசிவதை அணைக் காவலர் கண்டு அறிவித்தார். அணையைக் கட்டுவித்த வில்லியம் முல்ஹோலண்ட் நேரில் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லிச் சென்றார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆகவே உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: தெளிந்த நீர் சீராக வடிந்தால் அணை தன் வேலையைச் செய்கிறது. அளவு திடீரென மாறினாலோ நீர் கலங்கினாலோ, அடியில் மண்ணோ பாறைத்துகளோ அரித்துப்போகிறதா என்று உடனே பார்க்கவேண்டும்.

கேள்வி: விக்டோரியா அணையும் தன் எடையால்தான் நிற்கிறதா?
– வாசகர், வத்தளை

பதில்: இல்லை. 122 மீற்றர் உயரமான விக்டோரியா ஒரு வில்வளைவு அணை. நீரின் தள்ளுகையை இரு பக்கத்து மலைகளுக்குக் கடத்திவிடுவதால் அதற்கு அவ்வளவு தடிப்புத் தேவையில்லை. கொத்மலை அணை கற்களை நிரப்பிக் கட்டியது. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் அணைதான், 35.5 மீற்றர் உயரத்தில், எடையை நம்பி நிற்பது.

கேள்வி: மலையகத்தில் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்று வானொலியில் கேட்டதும் எங்கள் பகுதியில் எல்லோரும் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றத் தொடங்குகிறார்கள். அந்த நீர்தான் எங்களை மூழ்கடிக்கிறதா?
– வாசகர், கொலன்னாவை

பதில்: முன்கூட்டியே ஏற்றி வைப்பது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. காசல்ரீயும் மவுசாகலையும் களனி கங்கையின் தலைப்பகுதியில், பரந்த வடிநிலத்தின் ஒரு சிறு பங்கிலிருந்து மட்டுமே நீரைச் சேர்க்கின்றன. தெரணியகலை, கேகாலைப் பக்கத்து மலைகளில் கொட்டும் மழை சீதாவக்க கங்கை வழியாகவும் குருகொட ஓயா வழியாகவும், எந்தப் பெரிய நீர்த்தேக்கத்திலும் தங்காமல் நேரே உங்களை நோக்கி வருகிறது. நிரம்பிய அணை வான்கதவைத் திறக்கும்போது புதிதாக நீரை உண்டாக்குவதில்லை. வந்து சேரும் நீரை, தேக்க இடமில்லாததால், அனுப்பிவிடுகிறது. அணைக்கு உடனடிக் கீழே ஆற்றில் குளிப்பவருக்கும் ஓரத்தில் வாழ்பவருக்கும் அது உயிராபத்து. அவர்கள் அந்த அறிவிப்பைக் கேட்ட கணமே கரையேறவேண்டும். கொலன்னாவையில் இருக்கும் நீங்கள் கூர்ந்து கேட்கவேண்டியவை, ஆற்றில் உங்களுக்கு மேலே உள்ள கிளென்கோர்ஸ், ஹன்வெல்ல ஆகிய இடங்களின் நீர்மட்ட அளவீடுகள். அங்கே ஏறும் நீர் சில மணித்தியாலங்கள் கழித்தே கொழும்பின் நாகலகம் வீதி நீர்மட்ட மானியில் தெரியும்; சாமான்களை ஏற்ற உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.