வேலை போனால் படிக்க வருவார்களா?

கேள்வி: பொருளாதாரம் படுத்தால் பெரியவர்கள் மறுபடி படிக்கக் கிளம்புவார்கள் என்கிறார்கள். ஆனால் கொரோனா சமயத்தில் அமெரிக்காவில் சேர்க்கை குறைந்ததாமே. எது சரி?
- ஓசூர் வாசகர்

பதில்: இரண்டுமே நடந்ததுதான். வேலையில் இருப்பவருக்குப் படிப்பில் பெரிய செலவு ஃபீஸ் இல்லை, படிக்கிற நேரத்தில் கைவிட்டுப் போகும் சம்பளம். வேலையே போய்விட்டால் அந்த இழப்பும் இல்லை. அதனால்தான் 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்ட காலத்தில், அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்களில் (குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகள்) கூட்டம் அலைமோதியது. வேலை போனதால் மட்டும் வந்துவிடவில்லை. பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையின் உச்சவரம்பு 2010-11ல் 5,550 டாலர் ஆனது, வேலையிழந்தோருக்கான படி சில மாநிலங்களில் 99 வாரம் வரை நீண்டது. வீட்டில் அடுப்பு எரிந்தது, அதனால் வகுப்புக்குப் போக முடிந்தது.

2020 ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியும், அந்த ஆண்டின் பிற்பாதியில் கம்யூனிட்டி காலேஜ் சேர்க்கை சுமார் 10 சதவீதம் சரிந்தது. பள்ளிகள் மூடி, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது அம்மா எங்கே படிப்பது? வெல்டிங்கை ஸ்க்ரீனில் கற்றுக்கொள்ள முடியுமா? அப்புறம், பழைய கம்பெனியே திரும்பக் கூப்பிடும் என்று காத்திருந்தவர்களும் ஏராளம்.

என்னை உறுத்துவது வேறொன்று. மந்தத்தில் அரசின் வருமானமும் விழுகிறது, அதனால் ஆட்கள் வரிசையில் நிற்கும் அதே நேரத்தில் கல்லூரிக்கான பணத்தை வெட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2009 தொடக்கத்தில் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 20 டாலராக இருந்த கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் 2012ல் 46 டாலர், வகுப்புகளையும் குறைத்தார்கள். மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் கதவைப் பாதி சாத்துவது அநியாயம்.

கேள்வி: சரி, படித்தவர்களுக்குப் பலன் கிடைத்ததா?
- சேலம் வாசகி

பதில்: எல்லோருக்கும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் ஊரில் 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் உற்பத்தி நின்றது. வேலை போனவர்கள் பக்கத்திலிருந்த பிளாக்ஹாக் டெக்னிக்கல் காலேஜில் போய்க் குவிந்தார்கள், அவர்களில் கம்ப்யூட்டரை ஆன் செய்யவே தெரியாதவர்களும் இருந்தார்கள். பலர் பாதியில் நின்றார்கள். படித்து முடித்தாலும் ஊரில் வேலை இருந்தால்தானே! அந்த வட்டாரத்தில் மறுபயிற்சிக்குப் போனவர்கள், போகாதவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை என்றே பின்னர் தெரிந்தது.

ஆனால் அதை வைத்துப் படிப்பே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 1990களில் வேலையிழந்தவர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், ஓராண்டுப் படிப்பு ஆண்களின் வருமானத்தைச் சுமார் 9 சதவீதமும் பெண்களுடையதைச் சுமார் 13 சதவீதமும் உயர்த்தியது. அந்தப் பலனில் பெரும்பங்கு தொழில்நுட்பம், கணிதம், அறிவியல் பாடங்கள் எடுத்தவர்களுக்குத்தான். ஆகவே சேருமுன், அந்தப் படிப்பை முடித்தவர்களை உங்கள் ஊர்ப்பக்கம் யார் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். படிக்கும் மாதங்களுக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதையும் முதலிலேயே எழுதிப் பாருங்கள், பாதியில் நிற்பவர்களில் பலர் பாடம் புரியாமல் நிற்பதில்லை, பணம் தீர்ந்துதான் நிற்கிறார்கள்.